கூடம் கோணல்தான்

என் மோட்டார் சைக்கிள் நேராகப் போக வேண்டுமென்றால் ஹேண்டிலைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஹேண்டிலை நேராக வைத்தால் வண்டி இடது பக்கம் ஒதுங்கும். இதை நான் மூன்று பேரிடம் சொன்னேன். மூன்று பேரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். வண்டியை ஒருவரும் பார்க்கவில்லை.

அது புது வண்டி இல்லை. எனக்கு முன்னால் யாரோ ஓட்டி, எங்கேயோ இடித்து, பிறகு துடைத்துப் பளபளப்பாக்கிக் கடையில் நிறுத்தியிருந்த வண்டி. நானும் சின்னப் பெண் இல்லை. நாற்பத்தைந்து வயதில் பைக் லைசென்ஸ் எடுத்தவள். பயிற்சி மைதானத்தில் என்னோடு வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் என் மகன் வயதுதான் இருக்கும். ஒரு தடவை தோற்று, மறு தடவை தேறினேன். இந்த வயதில் எதற்கு என்று கேட்காத ஆள் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இல்லை. மார்சிலிங்கிலிருந்து தேக்காவுக்கு வேலைக்குப் போக எம்ஆர்டி ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, மழையில் நனையாமல் போய் வரலாம். எல்லாம் எனக்கும் தெரியும். ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். ஆண்பிள்ளை ஆசைப்பட்டு பைக் வாங்கினால் யாரும் காரணம் கேட்பதில்லை. பெண்பிள்ளை வாங்கினால் குடும்பமே கூடி உட்கார்ந்து காரணம் தேடுகிறது.

தேக்காவில் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பவர் பார்ப்பவர் வேறு. ஃபிரேமை முகத்துக்குப் பொருத்துவது என் பொறுப்பு. மூக்குக்கண்ணாடி சரியாக உட்காரவில்லை, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குகிறது என்று தினமும் யாராவது வருவார்கள். படுத்துக்கொண்டே போட்டிருப்பார்கள், அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள், குழந்தை பிடித்து இழுத்திருக்கும். ஆனால் அவர்களில் பாதிப் பேர் குற்றத்தைத் தாங்களே ஏற்றுக்கொண்டு வருவார்கள். "எனக்கு ஒரு காது மேல, ஒரு காது கீழம்மா" என்பார்கள்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. முதலில் முகத்தைப் பார்க்கக் கூடாது. மூக்குக்கண்ணாடியைக் கையில் வாங்கி, மேசையில் இருக்கும் தட்டையான கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து விரலால் மெதுவாகத் தட்ட வேண்டும். இரண்டு கால்களும் பலகையில் படிந்து அசையாமல் நின்றால் ஃபிரேம் நேர். ஒரு கால் தூக்கிக்கொண்டு டக் டக்கென்று ஆடினால் ஃபிரேம் முறுக்கியிருக்கிறது. பலகையில் வைத்துப் பார்க்காமல் எந்த மனிதரின் முகத்தையும் கோணல் என்று சொல்லக் கூடாது. வருடக்கணக்காக ஊராருக்கெல்லாம் இதைச் செய்தேன். எனக்கு நானே செய்துகொள்ளத்தான் தோன்றவில்லை.

வண்டி எடுத்த அன்றே சிராங்கூன் ரோட்டில் உள்ள கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஓட்டியது என் கணவர். அவர் இருபது வருடத்துக்கு மேலாகப் பைக்கில் வேலைக்குப் போகிறவர். புதிதாக வீட்டுக்கு வரும் வண்டியை அவர் கை முதலில் தொட வேண்டுமாம், கைராசி. குருக்கள் நிதானமான மனிதர். முன் மட்கார்டின் நட்டநடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். ஹேண்டிலின் நட்டநடுவில் அதேபோல் இன்னொன்று. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினோம். அதோடு வண்டிக்கு ஒரு குறையும் வராது என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த குறையெல்லாம் என் தலையில் விழுந்தது.

ஓட்டத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஹேண்டில் கோணலாக இருக்கிறது என்று கணவரிடம் சொன்னேன். அவர் கார்பார்க்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, நீதான் இடது பக்கம் பாரத்தைப் போட்டு உட்காருகிறாய் என்றார். பழகிய கை அவருடையது. கோணலை அது தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும், அவருக்குச் சொல்லக்கூடச் சொல்லாது. நான் ஒரு வாரம் வலது பக்கம் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டினேன். இடுப்பு வலித்தது. வண்டி அதே இடது பக்கம்தான் போனது.

வண்டி வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். அங்கிருந்த மெக்கானிக் முன் சக்கரத்தைக் காலால் இரண்டு தட்டுத் தட்டினார். "யூஸ்டு பைக் லா அக்கா. கொஞ்ச நாள் ஓட்டுங்க, கை பழகிடும்" என்றார். கோணலுக்கு என் கை பழக வேண்டுமாம். இதே பதிலை எங்கள் கடையில் நான் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மூன்றாவதாகக் கேட்டவர் என் கணவரின் அக்கா, என் நாத்தனார். பாசிர் ரிஸில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் எந்தப் பேச்சானாலும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் முடியும். திருஷ்டி என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லி, இன்னொரு எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். எலுமிச்சம்பழத்தால் நிமிர்ந்த இரும்பை நான் இதுவரை பார்த்ததில்லை.

பிறகு நான் விழுந்தேன். எங்கள் புளோக்கின் மாடிக் கார்பார்க்கில், சரிவு ஏறும் இடத்தில் இடது பக்கம் திரும்ப வேண்டும். நடந்து போகிறவரே முந்திவிடும் வேகம்தான். என் கை கொஞ்சம் திருப்பியது. சக்கரம் நிறையத் திரும்பிவிட்டது. வண்டியும் நானும் இடது பக்கமாகச் சாய்ந்தோம். முழங்கால் வீங்கியது, ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தது, வேறொன்றும் இல்லை. எதிரில் கார் நிறுத்திக்கொண்டிருந்த சீனப் பெரியவர் ஓடி வந்து வண்டியைத் தூக்கிவிட்டார். அவர் ஒருவர்தான் வண்டியைப் பார்த்தார். "ஹேண்டில் பெண்ட் ஆ?" என்று கேட்டார். விழுந்ததில் வளைந்துவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாசிர் ரிஸில் சாப்பாடு. நான் நொண்டிக்கொண்டு உள்ளே போனதும் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஹேண்டில் கோணல் என்று மறுபடியும் ஆரம்பித்தேன். நாத்தனார் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். மேசையே சிரித்தது. சிரித்தவர்களில் என் கணவரும் ஒருவர். எனக்கு உறைத்தது அதுதான். நாத்தனார் சொன்னதை அன்றைக்கே மறந்திருப்பேன், அவர் யாரைத்தான் விட்டார்? பக்கத்தில் உட்கார்ந்து என் கணவர் சிரித்ததை மறக்க முடியவில்லை.

வீடு திரும்பியதும், வண்டியை விற்றுவிடலாம், உன் நல்லதுக்குத்தான் என்றார். அவர் கெட்டவர் இல்லை. நான் விழுந்ததைக் கேட்டு வேலையிலிருந்து பாதியில் ஓடி வந்தவர். ஆனால் அவருக்கு என் முழங்கால் பெரிதாகத் தெரிந்ததே தவிர, என் பேச்சு பெரிதாகத் தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனில் விளம்பரம் போட்டுவிட்டார்.

நான் வாயடைத்துப் போனதற்குக் காரணம் கோபம் இல்லை, சந்தேகம். அந்த வாரம் முழுக்கக் கடையில் பெரிய நிலைக்கண்ணாடி முன்னால் நின்று என் தோள்களைப் பார்த்தேன். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறதோ? நடக்கும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்கிறேனோ? எல்லோரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் உடம்பே அதை நம்பத் தொடங்குகிறது. காதைத் தொட்டுக் காட்டி, கோணல் எனக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் ஒருத்தியாக நானும் ஆகிவிட்டேன்.

சனிக்கிழமை காலை கணவர் காப்பி குடித்துக்கொண்டே, வண்டி வாங்க ஒரு தம்பி புக்கிட் மேராவிலிருந்து நாளைக்கு மதியத்துக்குள் வருகிறார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவன் வர்றப்ப நீ அந்த ஹேண்டில் கதைய மட்டும் எடுக்காத."

"எந்த ஹேண்டில்?" என்றேன்.

"அதான், இழுக்குதுல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. கப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். நான் ஓட்டினால் கோணல் என்னுடையது. அந்நியன் ஒருவன் வாங்க வந்தால் அதே கோணல் வண்டியுடையது. இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஒரு ஓரத்திலாவது. எனக்கு வந்த கோபத்தில் சந்தேகமெல்லாம் பறந்துபோனது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, வீங்கிய முழங்காலோடு, அதே வண்டியில்தான் அன்றைக்கும் வேலைக்குப் போனேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சோறு சாப்பிடவில்லை. பக்கத்துப் பூக்கடையில் மாலை கட்டும் நூல் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனேன். நடு ஸ்டாண்டு போட்டு, ஹேண்டிலின் இரண்டு முனைகளும் பெட்ரோல் டேங்கிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி வைத்தேன். குருக்கள் வைத்த இடத்திலேயே வெள்ளிக்கிழமைதோறும் நான் புதுப் பொட்டு வைப்பது வழக்கம். முந்தின நாள் வைத்தது அப்படியே இருந்தது. வண்டிக்கு முன்னால் போய் நின்று, நூலின் நுனியில் வீட்டுச் சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். நூல் மேல் பொட்டைத் தொட்டுக்கொண்டு இறங்கியது. கீழே மட்கார்டில் இருந்த பொட்டு நூலை விட்டு ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. அத்தனை வாரமும் நானே என் கையால் சாட்சி வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அது போதாது எனக்கு. கடையில் முனை உடைந்த பழைய கண்ணாடிப் பலகை ஒன்று சும்மா கிடந்தது. முதலாளியிடம் கேட்டு எடுத்து வந்தேன். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் இரண்டு கால்கள் பிடித்திருக்கும், ஃபோர்க் என்பார்கள். மேல் பாதி வெள்ளி மாதிரி மின்னும் குழாய். அந்த இரண்டு குழாய்களுக்கும் குறுக்கே பலகையை அணைத்துப் பிடித்து, ஒரு மூலையை விரலால் தட்டினேன்.

டக். டக்.

ஒரு கால் முன்னுக்கும் ஒரு கால் பின்னுக்குமாக முறுக்கிக்கொண்டிருந்தது. ஆயிரம் மூக்குக்கண்ணாடிகளில் கேட்ட அதே சத்தம். தேக்காவில் சனிக்கிழமைக் கூட்டம் மூட்டை முடிச்சோடு என்னைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் குந்தி உட்கார்ந்து நான் அழுதேன். வருத்தத்தில் இல்லை. கூடம் கோணல் என்று சொன்னவளைப் பார்த்துச் சிரித்தார்களே, அந்தக் கூடத்தை ஒருவராவது அளந்து பார்த்தார்களா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவரின் டூல் பாக்ஸைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு கார்பார்க்குக்குப் போனேன். கார்பார்க்கில் வண்டியைப் பிரித்து வேலை செய்யக் கூடாது. நான் எதையும் பிரிக்கவில்லை, போல்ட்டைத் தளர்த்தினேன், அவ்வளவுதான் என்று சொல்வதற்குத் தயாராக இருந்தேன். முதல் நாள் மாலை போனில் இரண்டு மூன்று வீடியோ பார்த்திருந்தேன். முதலில் எல்லோரும் செய்யும் குறுக்கு வழியைச் செய்து பார்த்தேன்: முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை வெடுக்கென்று இழுப்பது. வீங்கிய காலில் வலி உயிர் போனது. ஹேண்டில் நேரானது போல் நேராகி, வண்டியைக் கொஞ்சம் தள்ளியதும் பழையபடி ஆனது.

அப்புறம்தான் ஸ்பேனரை எடுத்தேன். ஃபோர்க் குழாய்களைக் கவ்விப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தினேன். சக்கரத்தின் அச்சு நட்டையும் தளர்த்தினேன். இந்த நேரத்தில் கணவர் கீழே வந்துவிட்டார். டூல் பாக்ஸைக் காணோம் என்று தேடி வந்திருக்கிறார். என்னையும், என் கையில் இருந்த ஸ்பேனரையும், குழாய்மேல் சாய்ந்திருந்த கண்ணாடிப் பலகையையும் பார்த்தார். நான் பலகையின் மூலையைத் தட்டினேன். டக் டக்கென்றது. அவரும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

சக்கரத்தை இடுக்கி ஹேண்டிலை இழுத்து, போல்ட்டுகளை இறுக்கி, பலகையை வைத்துத் தட்டினேன். இன்னும் ஆடியது. முன்னைவிடக் குறைவு, ஆனால் ஆடியது. மறுபடியும் தளர்த்தி, மறுபடியும் இழுத்து, மறுபடியும் இறுக்கினேன். அதே ஆட்டம். கணவர் போனைப் பார்த்து, அந்தத் தம்பி கிளம்பிவிட்டாராம் என்றார். விட்டுவிடலாம் என்று அவர் வாய் திறப்பதற்குள், பிடித்த இடத்தை விடாதீங்க என்று சொன்னேன்.

தரையில் உட்கார்ந்து அந்த முன்பக்கத்தையே பார்த்தேன். மூக்குக்கண்ணாடியில் கால்களை எவ்வளவு வளைத்தாலும் சில சமயம் ஃபிரேம் நேராகாது. மூக்கின் மேல் உட்காரும் நடுப் பாலம் முறுக்கியிருக்கும். பாலம் விடாமல் கால்கள் விடாது. இந்த வண்டியில் இரண்டு கால்களையும் பிணைக்கும் பாலம் எது? சந்தனப் பொட்டு எனக்கு நேராக நின்றது. மட்கார்ட். அது இரண்டு ஃபோர்க்கிலும் இரண்டு பக்கமும் போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. கோணலான நிலையிலேயே இறுக்கி, கோணலைக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

மட்கார்ட் போல்ட்டுகளைத் தளர்த்தினேன். கடைசிப் போல்ட் விட்டதும் யாரும் தொடாமலே முன்பக்கத்தில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஏதோ மூச்சு விட்டது மாதிரி இருந்தது. ஹேண்டிலை மெதுவாக இழுத்தேன். வெடுக்கென்று இழுக்கத் தேவையே இல்லை. பலகையை வைத்துத் தட்டினேன். சத்தம் வரவில்லை. வேறு மூலையில் தட்டினேன். அங்கும் இல்லை. கணவர் எட்டிப் பார்த்து, தானும் நாலு மூலையிலும் தட்டினார்.

கிளாம்ப் போல்ட்டுகளை இறுக்கினேன். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அழுத்தி அழுத்தி விட்டேன். கால்கள் தங்கள் இடத்தைத் தாங்களே தேடி உட்கார வேண்டும். அதற்குப் பிறகு அச்சு, கடைசியில் மட்கார்ட். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று டூல் பாக்ஸின் அடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. வாங்கிய நாள் முதல் அவர் அதைத் தொட்டதில்லை. உறையைப் பிரித்தவள் நான். வண்டியின் கையேட்டில் உள்ள அளவைப் போனில் பார்த்து அவர் வாசிக்க வாசிக்க, நான் இறுக்கினேன்.

நூலைத் தொங்கவிட்டேன். இரண்டு பொட்டும் ஒரே நூலில் நின்றன.

நான் விழுந்த சரிவுக்கே முதலில் போனேன். இடது பக்கம் திரும்பினேன். கை திருப்பிய அளவுக்குத்தான் சக்கரமும் திரும்பியது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேல் மாடி வரை ஏறி இறங்கினேன். பிறகு வேண்டுமென்றே மறுபடியும் ஏறினேன். ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்தேன், யாருக்கும் கேட்டிருக்காது, கேட்டாலும் கவலையில்லை.

இறங்கி வரும்போது புக்கிட் மேராத் தம்பி வந்து கணவரோடு நின்றுகொண்டிருந்தார். விவரமான பையன். வண்டியைச் சுற்றி வந்து குனிந்து டயரைப் பார்த்தார், ஃபோர்க்கைப் பார்த்தார். நான்தான் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன், சாவி என் கையில் இருக்கிறது. ஆனாலும் கேள்வி கணவரிடம்தான் போனது.

"அண்ணே, ஹேண்டில் ஸ்ட்ரெய்ட்டாத்தானே இருக்கு?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"என்னைக் கேளுங்க தம்பி. வண்டி என்னோடது" என்றேன். "ஹேண்டில் நேரா இருக்கு. அதனாலதான் விக்கல."

பாவம், அவ்வளவு தூரம் வந்தவர். மன்னிப்புக் கேட்டு, காப்பிக் கடையில் ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். முகம் சுண்டித்தான் போனது. போகும் முன் தன் பைக்கின் ஃபோர்க்கில் அந்தக் கண்ணாடிப் பலகையை ஒருமுறை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். வைத்துப் பார்த்தார், நேராக இருந்தது, அந்தத் திருப்தியோடு போனார்.

அன்றைக்கும் பாசிர் ரிஸில்தான் சாப்பாடு. எம்ஆர்டியில் போகலாமா என்று கணவர் கேட்டார். நீங்கள் எதில் வேண்டுமானாலும் வாருங்கள், நான் என் வண்டியில் போகிறேன் என்று கிளம்பினேன். விரைவுச்சாலையில் கொஞ்ச தூரம் போனதும், உடையாமல் மிஞ்சிய பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். தன் பைக்கில் பின்னால் வந்துகொண்டிருந்தார். முந்தவில்லை. பாசிர் ரிஸ் வரை என் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கதவைத் திறந்த நாத்தனார் என் கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். "இன்னும் விக்கலையா?" என்றார். நான் பதிலுக்கு ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதற்குள் பின்னாலிருந்து கணவர் முந்திக்கொண்டார்.

"கூடம் கோணலாத்தான் இருந்துச்சுக்கா."

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். உள்ளே மேசையில் இருந்தவர்கள் வாசல் பக்கம் திரும்பினார்கள். கணவர் அதைச் சொல்ல எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். நன்றி சொல்லும் முகத்தோடு நான் திரும்பிப் பார்ப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

"அதை நான் முதல் வாரமே சொன்னேன்" என்றேன்.

உள்ளே போய், மீன் குழம்புச் சட்டியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, ஹெல்மெட்டைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தேன்.